தூண்டிலும் உரிமையும்: நம் மலைகளின் ஒரு வரலாறு

வரலாறு என்றவுடன் அரியணைகளும் போர்க்களங்களும் நம் நினைவுக்கு வருகின்றன. எந்த மீன் எந்த நீரில் நீந்தியது, அதைப் பிடிக்கும் உரிமை யாருக்கு இருந்தது, பிடித்த மீன் யாருடைய அடுப்பில் வெந்தது என்பதையெல்லாம் ஏடுகள் பெரிதாகக் குறித்து வைப்பதில்லை. ஆயினும் ஒரு நாட்டின் நீதியை அளந்தறிய அரண்மனையைவிட ஆற்றங்கரையே பல வேளைகளில் நல்ல அளவுகோலாக அமைகிறது. தேனி மாவட்டத்திலும் கம்பம் பள்ளத்தாக்கிலும் வாழும் நமக்கு இத்தகைய வரலாறு ஒன்று உண்டு. அது நம் தலைக்குமேல் நிற்கும் மலைகளில் எழுதப்பட்டிருக்கிறது. அதன் ஒரு முனை கடல் கடந்த அயர்லாந்தில் இருக்கிறது.

நம் பள்ளத்தாக்கை மூன்று பக்கமும் மலைகள் சூழ்ந்துள்ளன. மேற்கே குமுளியும் தேக்கடியும்; வடமேற்கே போடி மலைகளும் அவற்றின் உச்சிக்கு அப்பால் மூணாறும்; வடக்கே பெரியகுளத்துக்கு மேலே கொடைக்கானலும் உள்ளன. மழை முடிந்த மாலையில் ஈசல் புற்றைவிட்டுப் புறப்படுவதையும், கண்மாயின்மேல் தாழப் பறக்கும் ஈசலுக்காகக் கெண்டை துள்ளுவதையும் காணாத சிற்றூர்ப் பிள்ளை இங்கே இல்லை. மூங்கில் கழி, நரம்பு, தக்கை, முள், முள்ளில் கோத்த மண்புழு: நம் ஊர்த் தூண்டிலுக்கு இவ்வளவே போதும். தக்கை அமிழ்ந்தால் இழுக்க வேண்டியதுதான். இதற்கு உரிமச் சீட்டு எதுவும் நம் பிள்ளைகள் வாங்கியதில்லை.

அயர்லாந்தின் ஈசல் காலம்

அயர்லாந்து ஏரிகளின் நாடு. காரிப், மாஸ்க், கான், ஷீலின், எனல், ஓவல், டெராவரா எனப் பெயர்பெற்ற ஏரிகள் அங்கே பல. சுண்ணாம்புப் பாறைமேல் அமைந்த அவற்றின் தெளிந்த நீரில் பழுப்பு டிரவுட் என்னும் மீன் வாழ்கிறது. நம் ஈசலைப் போன்ற ஒரு பூச்சி அந்நாட்டிலும் உண்டு. 'மேஃப்ளை' என்பது அதன் பெயர். புழுப்பருவத்தில் அது ஏரியின் அடிச்சேற்றில் ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் மறைந்து கிடக்கும். மே மாதத்தில் மேலெழுந்து சிறகு பெறும். சிறகு பெற்றபின் உண்பதற்கு அதற்கு வாயே இல்லை. இணைந்து, முட்டையிட்டு, ஓரிரு நாளில் மடிந்துவிடும். அந்தச் சில வாரங்களில் ஏரியின் டிரவுட் எல்லாம் நீர்மட்டத்துக்கு வந்து இப்பூச்சிகளை விழுங்கும்.

அக்காலம் வந்துவிட்டால் ஏரிக்கரை ஊர்களின் அன்றாட வாழ்வே மாறிவிடுகிறது. கடைக்காரரும் உழவரும் ஆசிரியரும் தூண்டிற்கோலுடன் படகேறுகின்றனர். சிறுவர்கள் கரையோரப் புதர்களில் ஒதுங்கியிருக்கும் பூச்சிகளை உயிரோடு பிடித்துப் பெட்டிகளில் அடைத்து மீன்பிடிப்போருக்கு விற்றுக் கைச்செலவுக்குச் சில்லறை சேர்க்கின்றனர். நண்பகலில் படகைத் தீவொன்றில் ஒதுக்கி, சுள்ளி பொறுக்கித் தீ மூட்டித் தேநீர் காய்ச்சிக் குடிப்பது வழக்கம். படகின் பக்கவாட்டைக் காற்றுக்குக் கொடுத்து, அது தள்ளும் வழியே மெல்ல மிதந்தபடி மீன் பிடிக்கின்றனர்.

இம்முறையில் ஒரு நுட்பம் உள்ளது. நம் தூண்டிலில் ஈயக்குண்டின் பாரமும் இரையின் பாரமும் நரம்பை இழுத்துச் செல்கின்றன. அவர்கள் கட்டுவதோ இறகையும் பட்டுநூலையும் முள்ளில் சுற்றிச் செய்த பொய்ப்பூச்சி. அதற்குப் பாரமே கிடையாது. ஆகவே கயிறே பாரமாக அமைக்கப்படுகிறது. கோலை முன்னும் பின்னும் வீசக் கயிறு காற்றில் சுருள் விரிந்து நீள, அதன் நுனியில் பொய்ப்பூச்சி உண்மைப் பூச்சி போலவே நீரில் அமரும். மற்றொரு முறையில் மிக நீண்ட கோலிலிருந்து மெல்லிய பட்டுக்கயிற்றைக் காற்றிலே பறக்கவிட்டு, முள்ளில் மாட்டிய உயிர்ப்பூச்சி நீர்மட்டத்தைத் தொட்டுத் தொட்டு ஆடும்படி செய்கின்றனர். இரண்டுக்கும் வேண்டிய முதற்பண்பு பொறுமை. அடுத்தது காற்றையும் நீரையும் கூர்ந்து நோக்கும் கண்.

பெரியகுளம் வழியாக ஓர் ஐரிஷ்காரர்

அயர்லாந்தின் நடுப்பகுதியில் வெஸ்ட்மீத் என்னும் மாவட்டம் உள்ளது. எனல், ஓவல், டெராவரா ஆகிய டிரவுட் ஏரிகள் அம்மாவட்டத்தவை. அங்கே முல்லிங்கர் நகருக்கு அருகில் நிலக்கிழார்களாக வாழ்ந்தது லெவிஞ்சு குடும்பம். அக்குடும்பத்தில் 1819இல் பிறந்த வேர் ஹென்றி லெவிஞ்சு சென்னை மாகாண ஆட்சிப்பணிக்கு வந்து, மதுரை ஆட்சியராக விளங்கினார். இன்று உலகெங்கிலுமிருந்து மக்கள் வந்து காணும் கொடைக்கானல் ஏரி அவர் முயற்சியால் உருவானது. 1863ஆம் ஆண்டில் சதுப்பாய்க் கிடந்த பள்ளத்தின் ஓடைகளை மறித்துக் கரை எழுப்பி, சுமார் 60 ஏக்கர் பரப்பில் அவர் அந்த ஏரியை அமைத்தார். தூத்துக்குடியிலிருந்து முதற்படகைத் தருவித்ததும் ஏரியில் மீன் விட்டதும் அவரே என்பர். ஏரிகளின் நாட்டிலிருந்து வந்தவர் மலைமேல் ஓர் ஏரியைக் கண்டு மகிழ விரும்பியதில் வியப்பில்லை.

அந்நாளில் கொடைக்கானலுக்கு வண்டிச் சாலை இல்லை. 1875இல் அம்மையநாயக்கனூருக்கு இரயில் வந்த பின்னரும், அங்கிருந்து மாட்டுவண்டியில் பெரியகுளம் பக்கத்துக் கிருஷ்ணம்ம நாயக்கன் தோப்பு வரை வந்து, அதற்குமேல் நடந்தோ குதிரையிலோ டோலியிலோ ஏற வேண்டும். டோலியில் அமர்ந்தவர்களின் பெயர்கள் நூல்களில் நிற்கின்றன. டோலியைத் தோளில் சுமந்து ஏறிய நம் ஊர் மக்களின் பெயர்கள் எங்கும் இல்லை. 1914ஐ ஒட்டி மலைச்சாலை அமைந்தபின் அந்தத் தோள்களுக்கு ஓய்வு கிடைத்தது. அவர்கள் வயிற்றுப்பாட்டுக்கான வழியும் அதனோடு போயிற்று. ஏரியைக் கண்டு மகிழும் நாம், அதன் வரலாற்றில் இந்தத் தோள்களுக்கும் பங்கு உண்டென்பதை மறத்தலாகாது.

கடல் கடந்த முட்டைகள்

ஏரி கட்டப்பட்ட அதே 1863ஆம் ஆண்டில், சென்னைப் படையின் மருத்துவரும் இந்திய மீன்களைப் பற்றிப் பெருநூல் படைத்தவருமான பிரான்சிஸ் டே, டிரவுட் மீனை நீலகிரிக்குக் கொண்டுவர முதன்முறையாக முயன்று தோற்றார். டிரவுட் குளிர்நீர் மீன். நீரின் வெப்பம் 20 பாகைக்குமேல் போனால் அது வாடத் தொடங்கும். வெப்பக்கடல்களைக் கடந்து வாரக்கணக்கில் வந்த முட்டைகள் வழியிலேயே கெட்டுப்போயின. பனிக்கட்டியும் ஈரப்பாசியும் கொண்டு முட்டைகளைப் பொதிந்து அனுப்பும் முறையால் 1864இல் தாஸ்மானியாவில் வெற்றி கிட்டியது. 1882இல் இலங்கையின் நுவரெலியாவுக்கும், 1900இல் காஷ்மீருக்கும் டிரவுட் வந்து சேர்ந்தது. காஷ்மீருக்கு முந்தைய ஆண்டில் அனுப்பிய முட்டைகள் வழியில் அழிந்தன என்பது குறிப்பிடத்தக்கது. நீலகிரியில் எச். சி. வில்சன் என்பார் 1907ஐ ஒட்டி அவலாஞ்சியில் பொரிப்பகம் அமைத்து, வானவில் டிரவுட்டை நிலைபெறச் செய்தார்.

பின்னர் மூணாற்று மலைகளுக்கும் டிரவுட் வந்தது. ராஜமலையிலும் இரவிகுளத்துப் புல்வெளி ஓடைகளிலும் அது வளர்க்கப்பட்டது. தேயிலைத் தோட்டத் துரைமார் சங்கம் அமைத்து, உரிமம் வழங்கி, எவ்வளவு நீளத்துக்குக் குறைந்த மீனை நீரிலேயே விட வேண்டும் என்றெல்லாம் விதி வகுத்தனர். பிறந்த மண்ணைப் பிரிந்து தனிமையில் வாழ்ந்த மனிதர்கள் தம் இளமைக்கால ஓடையை இங்கே தேடினர் என்று எண்ணும்போது அவர்கள்மேல் நமக்கு இரக்கமும் தோன்றுகிறது.

ஆனால் அதே மலைகளில் வேறு மனிதர்களும் தம் ஊரைப் பிரிந்து வாழ்ந்தனர். 1877இல் பூஞ்சாற்றுத் தலைவரிடமிருந்து ஜான் டேனியல் மன்றோ கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்குப் பெற்றது முதல், போடி வழியாகக் கங்காணிமாரின் பின்னே மலையேறிய தமிழ்த் தொழிலாளர் பல்லாயிரவர். தேயிலை, குண்டளைப் பள்ளத்தாக்கின் சிற்றிரயிலில் டாப் ஸ்டேஷன் வந்து, அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கியபடி கொட்டகுடிக்கு இறங்கி, போடிநாயக்கனூரை அடைந்தது. 1924ஆம் ஆண்டின் பெருவெள்ளத்தில் அந்தச் சிற்றிரயில் அழிந்தது. 1928இல் போடிக்கு இரயில் வந்தது. தேயிலை இறங்கிய வழி இவ்வாறு ஏடுகளில் தெளிவாக உள்ளது. தேயிலையைப் பறித்தவர்கள் ஏறிய வழியோ அவர்கள் பேரப்பிள்ளைகளின் நினைவில் மட்டுமே உள்ளது. லயன்களின் ஒற்றை அறைகளில் வாழ்ந்த அவர்களுக்கு அருகிலிருந்த ஓடையின் டிரவுட், விளையாட்டுமன்று, உணவுமன்று; துரையின் மீன், அவ்வளவே.

2020ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள் இரவில் அதே ராஜமலையின் பெட்டிமுடியில் மலை சரிந்து லயன்களை மூடியது. 70 உயிர்கள் பறிபோயின. பெரும்பாலோர் தமிழ்த் தொழிலாளர்களும் அவர்தம் பிள்ளைகளும் ஆவர். மீன்குஞ்சுக்குத் தக்க நீர் எது, தக்க குளிர் எது என்று நூறாண்டுக்கு முன்பே அளந்து பார்த்த மலையில், மனிதக் குடும்பம் அச்சமின்றி உறங்கத் தக்க இடம் எது என்பது போதிய அக்கறையோடு அளக்கப்படவில்லையே என்று நெஞ்சம் வேதனையுறுகிறது.

அயர்லாந்து மக்கள் கேட்ட கேள்வி

அயர்லாந்திலும் மீன்பிடி உரிமை நெடுங்காலம் நிலக்கிழார்களின் கையில் இருந்தது. நிலம் உழவர் கைக்கு மாறிய பின்னும் பல இடங்களில் ஆற்று மீனின்மேல் பழைய பிரபுவின் உரிமை நீடித்தது. ஆயினும் மேற்குப் பகுதியின் பெரிய ஏரிகளில் பழுப்பு டிரவுட்டை எவரும் கட்டணமின்றிப் பிடிக்கலாம் என்பது மக்கள் தம் வழக்காகப் போற்றி வந்த உரிமை. 1987இல் அந்நாட்டு அரசு டிரவுட் பிடிக்கவும் கட்டாய உரிமம் வேண்டும் எனச் சட்டம் இயற்றியது. மறு ஆண்டில் ஏரிக்கரை மக்கள் அதனை ஏற்க மறுத்தனர். உரிமம் வாங்காதவர்கள் ஒருபுறம், வாங்கியவர்கள் மறுபுறம் என ஊர்கள் பிளவுபட்டன. பயணிகள் வராமல் விடுதிகள் வாடின. 'தூண்டிற்கோல் போர்' என்றே அதனை அழைத்தனர். ஈராண்டுப் பிணக்குக்குப் பின் அரசு கட்டாயத்தைக் கைவிட்டது. 1991இல் வந்த சட்டம், விரும்பினோர் பங்கு செலுத்திச் சேரும் கூட்டுறவுச் சங்கங்களுக்கு வழி வகுத்தது.

இங்கே நாம் ஒன்றைச் சிந்திக்க வேண்டும். அம்மக்கள் பணத்தை மிச்சம் பிடிக்கவா போராடினர்? ஏரி தம் பாட்டனின் ஏரி, தம் பிள்ளையின் ஏரி என்ற உணர்வுக்காகவே போராடினர். அதே வேளையில் உரிமை மட்டும் ஏரியைக் காப்பாற்றிவிடாது. ஷீலின் ஏரி 1970களில் பன்றிப் பண்ணைகளின் கழிவு கலந்து கெட்டது. அதன் புகழ்பெற்ற டிரவுட் குறைந்தது. மீன்பிடிக்கும் உரிமை கேட்டவர்களே மீனைக் காக்கும் கடமையையும் ஏற்க வேண்டியிருந்தது. உரிமையும் கடமையும் ஒரே கோலின் இரு முனைகள் அன்றோ?

நம் சொந்த மலை மீன்

இனி நம் நீருக்குத் திரும்புவோம். 1886இல் 999 ஆண்டுக் குத்தகை எழுதப்பட்டு, பென்னிகுவிக்கின் தலைமையில் 1895இல் முல்லைப் பெரியாறு அணை நிறைவுற்றது. மேற்கே கடலுக்கு ஓடிய நீர் மலையைக் குடைந்த வழியே கிழக்கே திரும்பிக் கம்பம் பள்ளத்தாக்கை நெல்வயலாக்கியது. அந்தப் பொறியாளரின் படத்தை நம் மக்கள் வீடுகளில் மாட்டி வைத்துப் போற்றுவதன் நியாயம் அனைவரும் அறிந்ததே. ஆனால் அந்த நீரில் ஏற்கனவே குடியிருந்த ஒருவனைப் பற்றி நம்மில் பெரும்பாலோர் கேள்விப்பட்டதில்லை.

1941இல் மீனியல் அறிஞர் சுந்தர ராஜ், பெரியாற்று நீரிலிருந்து ஒரு புதிய மீனை உலகுக்கு அறிவித்தார். லெபிடோபைகோப்சிஸ் டைபஸ் என்பது அதன் அறிவியற்பெயர். உடலின் பெரும்பகுதியில் செதில் இல்லை; மலவாயின் பக்கத்தில் மட்டும் பெருஞ்செதில்கள் வரிசையாக உள்ளன. இமயமலையின் குளிர் ஆறுகளில் வாழும் பனி டிரவுட் எனப்படும் மீன்களின் அடையாளம் அது. எனவே இமயத்து உறவினன் ஒருவன் தெற்கே தனித்து வாழ்கிறான் என்று அறிஞர்கள் வியந்தனர்; ஆங்கிலத்தில் 'தீபகற்ப மலை டிரவுட்' என்ற பெயரும் வழங்கலாயிற்று. பின்னாளைய மரபணு ஆய்வுகள் அது மகாசீர் மீன்களின் கூட்டத்துக்கே நெருங்கியது என்று காட்டியுள்ளன. எவ்வாறாயினும், உலகில் பெரியாற்றுப் பகுதியைத் தவிர வேறெங்கும் அது இல்லை.

ஆம், நமக்கென்றே ஒரு மலை டிரவுட் இருந்தது, இன்றும் இருக்கிறது. அதனைப் பனிக்கட்டியில் பொதிந்து எவரும் கப்பலில் கொண்டுவரவில்லை. படைத்தவரே அதனை அந்நீரில் வைத்தார். ஆனால் ஓடும் நீரை விரும்பும் அம்மீனுக்கு அணை தேக்கிய அமைதியான நீர் ஏற்றதன்று. நீர்த்தேக்கத்தில் பிற்காலத்தில் புகுந்த வெளிநாட்டு மீன்களும் அதற்குப் பகையாயின. இன்று அது ஏரிக்கு மேலே, புலிகள் காப்பகத்தின் ஓடைகளில் ஒதுங்கி, அழிவை எதிர்நோக்கும் இனங்களின் பட்டியலில் இடம்பெற்றுள்ளது.

இந்த இடத்தில் அவசரத் தீர்ப்பு வழங்குவது எளிது. 'வெளிநாட்டு மீனை எல்லாம் ஒழித்துவிடுங்கள்' என்று சொல்லிவிடலாம். ஆனால் தேக்கடி ஏரியில் வலை விரித்து வாழ்வோர் யார்? மன்னான், பளியர் என்னும் பழங்குடி மக்கள். தம் முன்னோர் மதுரையிலிருந்து வந்தவர்கள் என்று மன்னான் மக்கள் வழிவழியாகச் சொல்லி வருகின்றனர். காட்டுக்குள் வாழ்ந்த அவர்கள் குமுளி அருகே குடியமர்த்தப்பட்டனர். காடு காப்பகமாகிய பின் அவர்கள் பிழைப்புக்கு எஞ்சிய வழிகளுள் ஒன்று ஏரி மீன். அந்த வலையில் இன்று மிகுதியாக விழுவன வெளியிலிருந்து வந்த கெண்டை வகைகளே. ஜிலேபிக் கெண்டை 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. 1939இல் இலங்கையிலிருந்து உதகைக்கு ஒரு வகைக் கெண்டை வந்தது. ஏழையின் உலையில் வேகும் மீன் எந்த நாட்டுக் குடிமகன் என்று பசி கேட்பதில்லை.

ஜிலேபிக் கெண்டையை நாம் இழிவாகக் கருத வேண்டியதுமில்லை. கலிலேயக் கடலில் 'புனித பேதுருவின் மீன்' என்று அழைக்கப்படுவது இதன் நெருங்கிய உறவே. நற்செய்தி நூல்களில் வலையைப் பற்றிப் பல இடங்களில் வாசிக்கிறோம். தூண்டிலைப் பற்றி வாசிப்பது ஒரே இடத்தில்தான். வரி கேட்கப்பட்டபோது, கடலுக்குச் சென்று தூண்டில் போடுமாறு ஆண்டவர் பேதுருவிடம் கூறிய அந்த மத்தேயு 17ஆம் அதிகாரத்துப் பகுதியே அது. அங்கும் கேள்வி உரிமையைப் பற்றியது: வரி செலுத்த வேண்டியவர் மக்களா, அந்நியரா? தமக்குள்ள உரிமையை எடுத்துரைத்த பின்னரும், பிறருக்கு இடறலாகாதபடி ஆண்டவர் வரியைச் செலுத்தச் செய்தார். உரிமையை அறிந்திருப்பதும், பிறர் நலம் கருதி அதனை அளவோடு பயன்படுத்துவதும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதை இதிலிருந்து நாம் கற்கலாம்.

அப்படியானால் செய்யத்தக்கது என்ன? பழங்குடி மீனவரின் பிழைப்பைப் பறிக்காமலே, ஏரியில் பெருகிய வெளிமீனை அவர்களே மிகுதியாகப் பிடிக்க ஊக்குவிக்கலாம். அதற்கு நல்ல விலை கிடைக்கச் செய்யலாம். அதனால் அவர்கள் அடுப்பும் எரியும், மேலோடைகளின் மலை மீனுக்கும் மூச்சுவிட இடம் கிடைக்கும். வளர்க்கக் கூடாதென அரசு தடை செய்துள்ள ஆப்பிரிக்கக் கெளுத்தியை மறைவாகக் குளங்களில் வளர்ப்பதும், வெள்ளத்தில் அது ஆற்றில் கலக்க விடுவதும் நம் பகுதியிலும் நிற்க வேண்டும். கண்ணாடித் தொட்டியில் வளர்த்துச் சலித்த அழகுமீனைக் கண்மாயில் கொட்டுவது கருணை எனச் சிலர் எண்ணுகின்றனர். அங்குள்ள அயிரைக்கும் கெண்டைக்கும் அது கேடாய் முடியலாம். முல்லையாற்றிலும் சுருளியாற்றிலும் கழிவைக் கலக்காமலிருப்பது ஷீலின் ஏரி நமக்குச் சொல்லும் பாடம்.

இவற்றுக்கெல்லாம் மேலாக, அறிமுகம் வேண்டும். அயர்லாந்துச் சிறுவன் தன் ஏரியின் பூச்சிக்கும் மீனுக்கும் பெயர் சொல்கிறான். நம் பிள்ளைகளோ பென்னிகுவிக்கின் பெயரைச் சொல்வார்கள். அவர் தேக்கிய நீரின் மூத்த குடியான மீனை அறியார். பெயர் தெரியாத ஒன்றை எவரும் நேசிப்பதில்லை. நேசிக்காத ஒன்றை எவரும் காப்பதில்லை. மறைக்கல்வி வகுப்பிலும் இளைஞர் கூட்டத்திலும் படைப்பின் மேன்மையைப் பேசும்போது, தொலைநாட்டுத் திமிங்கிலத்தை மட்டும் எடுத்துக்காட்டாமல், நாம் குடிக்கும் நீரில் ஒளிந்து வாழும் இச்சிறு உயிரையும் எடுத்துக்காட்டுவோம்.

டிரவுட்டுக்காகக் கடல் கடந்து பனிக்கட்டி சுமந்தவர்களின் விடாமுயற்சியை நாம் பழிக்கவில்லை. தாம் நேசித்ததைக் காக்க அவர்கள் எவ்வளவும் செய்தார்கள். அந்த முயற்சியில் ஒரு பங்கையேனும் நம் மலை மீனுக்கும், அதன் அருகே வாழும் மன்னான் குடும்பத்துக்கும், தேயிலை மலையின் லயன்களில் இன்றும் உறங்கும் நம் உறவுகளுக்கும் செலவிட நாம் ஆயத்தமா? நம் வயலுக்கு வரும் ஒவ்வொரு மடை நீரும் அந்த மலையிலிருந்துதான் வருகிறது. நீரைப் பெற்றுக்கொண்ட நாம் அதன் மூத்த குடிகளை மறந்துவிடலாமா?